கல்லீரல் திடீரெனச் செயலிழந்தால் மூளை ஏன் வீங்குகிறது?

மஞ்சள் காமாலை என்று மருத்துவமனையில் சேர்த்த இளைஞர். போன வாரம் வரை வேலைக்குப் போய்வந்தவர். இன்று மாலை தேதி கேட்டால் தப்பாகச் சொல்கிறார். செவிலியரிடம் காரணமில்லாமல் எரிந்துவிழுகிறார். மறுநாள் காலை தட்டி எழுப்பினாலும் கண் திறப்பதில்லை. உடனே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். "ஈரல்லதானே சார் பிரச்சினை, தலைக்கு எதுக்கு ஸ்கேன்?" என்று வெளியே காத்திருக்கும் குடும்பம் கேட்கிறது.

நியாயமான கேள்வி. கல்லீரல் திடீரெனச் செயலிழக்கும் நோயில், ஒரு காலத்தில் அதிகம் உயிர் பறித்தவற்றுள் ஒன்று மூளை வீக்கம். மூளைக்குள் ரத்தம் ஓடும் அளவும், மண்டையோட்டுக்குள் ஏறும் அழுத்தமும் இந்த நோயில் எப்படி மாறுகின்றன என்று தெரிந்துகொண்டால், ஐ.சி.யு.வுக்குள் நடக்கும் பல காரியங்களுக்கு அர்த்தம் புரிந்துவிடும்.

எது திடீர் செயலிழப்பு?

பல ஆண்டு மதுப்பழக்கத்தால் கல்லீரல் சுருங்கிப்போகும் 'சிரோசிஸ்' வேறு, இது வேறு. இதற்கு முன் கல்லீரல் நோயே இல்லாதவருக்கு, சில நாட்களிலோ சில வாரங்களிலோ கல்லீரல் செல்கள் கூட்டமாக மடிகின்றன. மூன்று அடையாளங்கள் சேர்ந்து தெரியும்: காமாலை, ரத்தம் உறைவதில் தாமதம், அதாவது ஐ.என்.ஆர். அளவு 1.5 அல்லது அதற்கு மேல், அறிவுத் தடுமாற்றம்.

காரணம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அளவுக்கு மீறிய பாராசிட்டமால் முதலிடத்தில் நிற்கிறது. இந்தியாவில் அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெப்படைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள், காசநோய் மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவை முக்கியமானவை. தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு: மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்.

காமாலை தொடங்கியதிலிருந்து அறிவுத் தடுமாற்றம் வர எத்தனை நாளாகிறது என்பதை மருத்துவர்கள் கவனமாகக் கேட்பார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை மருத்துவர்கள் 1993-ல் இந்த இடைவெளியை வைத்தே நோயை மூன்றாகப் பிரித்தார்கள். 7 நாட்களுக்குள் தடுமாற்றம் வந்தால் அதிவேக வகை. மூளை அதிகமாக வீங்குவது இந்த வகையில்தான். வாரக்கணக்கில் மெதுவாக முற்றும் வகையில் வீக்கம் குறைவு. இந்த வேகம் ஏன் முக்கியம் என்பதற்கு விடை அம்மோனியாவில் இருக்கிறது.

அம்மோனியா செய்யும் வேலை

நாம் சாப்பிடும் புரதம் செரிக்கும்போது குடலில் அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதைப் பிடித்து யூரியாவாக மாற்றிவிடும். யூரியா சிறுநீரில் போய்விடும். கல்லீரல் நின்றுவிட்டால் அம்மோனியா நேராக ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. நலமாக இருப்பவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்கும் கீழே இருக்கும் அம்மோனியா, இந்த நோயாளிகளுக்கு 150, 200 என்று ஏறும். 200-ஐத் தாண்டியவர்களுக்கு மண்டை அழுத்தம் கூடும் அபாயம் மிக அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மூளையில் நரம்பு செல்களுக்குத் துணையாக 'ஆஸ்ட்ரோசைட்' என்ற செல்கள் இருக்கின்றன. அம்மோனியாவைச் சமாளிக்கும் பொறுப்பு இவற்றுக்கு. அம்மோனியாவைக் குளூட்டமேட்டுடன் சேர்த்துக் குளூட்டமைன் என்ற பொருளாக மாற்றித் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. குளூட்டமைன் சேரச் சேர அது தண்ணீரை உள்ளே இழுக்கிறது, செல் ஊதுகிறது. அதோடு செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் குளூட்டமைனால் பழுதாகிறது. உடல் முழுவதும் பரவும் அழற்சியும், நோயாளிக்கு எளிதில் தொற்றிக்கொள்ளும் கிருமிகளும் இந்தக் கேட்டைக் கூட்டுகின்றன.

சிரோசிஸ் நோயாளிக்கும் அம்மோனியா ஏறுகிறது. அவருக்கு மட்டும் மூளை ஏன் இப்படி வீங்குவதில்லை? அவருடைய ஆஸ்ட்ரோசைட் செல்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. குளூட்டமைன் சேரும் அளவுக்கு, தண்ணீரைப் பிடித்துவைக்கும் வேறு பொருட்களை அவை மெல்ல வெளியேற்றிச் சரிக்கட்டிக்கொள்கின்றன. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துபோகும் அதிவேக நோயில் அதற்கு நேரமில்லை. மூளையைப் பொறுத்தவரை அம்மோனியாவின் அளவைப் போலவே அது ஏறும் வேகமும் ஆபத்து.

மண்டையோட்டுக்குள் இடமில்லை

காலில் வீக்கம் வந்தால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். மண்டையோடு கொடுக்காது. ஸ்காட்லாந்தின் அலெக்ஸாண்டர் மன்றோ 1783-லும், அவரைத் தொடர்ந்து ஜார்ஜ் கெல்லி 1824-லும் சொன்ன விதி இன்றும் நரம்பு மருத்துவத்தின் அரிச்சுவடி. மண்டையோட்டுக்குள் மூளை, ரத்தம், தண்டுவடத் திரவம் என மூன்றுதான் இருக்கின்றன. ஏறத்தாழ 80 சதவீதம் மூளை. மற்ற இரண்டும் சுமார் 10 சதவீதம் வீதம். மொத்தக் கொள்ளளவு மாறாது. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும்.

மூளை வீங்கத் தொடங்கியதும் திரவம் கொஞ்சம் தண்டுவடப் பக்கம் ஒதுங்கும். சிரை ரத்தமும் கொஞ்சம் வெளியேறும். அதுவரை அழுத்தம் அதிகம் ஏறாது. ஒதுங்க வேண்டியதெல்லாம் ஒதுங்கிய பிறகு, ஒரு ஸ்பூன் அளவு கூடினாலும் அழுத்தம் விறுவிறுவென ஏறிவிடும். காலையில் ஓரளவு பேசிக்கொண்டிருந்தவர் மாலைக்குள் வென்டிலேட்டருக்குப் போவது இதனால்தான். சாதாரணமாக மண்டைக்குள் அழுத்தம் 15 மிமீ பாதரசத்துக்குள் இருக்கும். 20 முதல் 25-ஐத் தாண்டி நிலைத்தால் சிகிச்சை தேவை. இன்னும் ஏறினால் மூளையின் அடிப்பகுதி கபாலத்தின் கீழ்த் துளை வழியாகப் பிதுங்கும். மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் மையங்கள் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு கழித்தல் கணக்கு

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அதற்குப் போகிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மி.லி. இதில் பெரிய குறைவு வந்தால் நரம்பு செல்கள் வேலையை நிறுத்திவிடும்.

இந்த ரத்தத்தை உள்ளே தள்ளுவது எது? தமனியின் சராசரி அழுத்தத்திலிருந்து மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது. ரத்த அழுத்தம் 120/80 உள்ளவருக்குச் சராசரி சுமார் 93. மண்டைக்குள் 10 என்றால் மிச்சம் 83; தாராளம். இப்போது கல்லீரல் செயலிழந்த நோயாளியைப் பாருங்கள். நோயினால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து சராசரி 65-க்கு இறங்கியிருக்கிறது. மூளை வீங்கி மண்டைக்குள் 30. மிச்சம் 35. மூளைக்குக் குறைந்தது 50 முதல் 60 வேண்டும். ஒரு பக்கம் தள்ளும் சக்தி குறைகிறது, மறுபக்கம் எதிர்ப்பு கூடுகிறது. நோயாளி இரண்டாலும் நசுங்குகிறார்.

அப்படியானால் மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டால் போதாதா? அங்கேதான் இந்த நோயின் சூட்சுமம் இருக்கிறது.

பழுதாகும் ஸ்டெபிலைசர்

நலமாக இருக்கும் மூளைக்குள் ஓடும் ரத்தம், உடலின் ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் பெரிதாக மாறாது. சராசரி அழுத்தம் 60-க்கும் 150-க்கும் இடையில் எங்கே இருந்தாலும், மூளையின் சிறு தமனிகள் சுருங்கியோ விரிந்தோ ஓட்டத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளும். தெருவில் மின்னழுத்தம் எப்படிக் குதித்தாலும் ஃபிரிட்ஜுக்கு ஒரே அளவைத் தரும் ஸ்டெபிலைசரைப் போன்ற ஏற்பாடு.

கல்லீரல் செயலிழந்து ஆழ்ந்த மயக்கத்துக்குப் போன நோயாளிகளிடம் இந்த ஏற்பாடு அற்றுப்போகிறது என்பதை டென்மார்க்கின் கோபன்ஹேகன் மருத்துவர்கள் 1990-களில் அளந்து காட்டினார்கள். ரத்த அழுத்தத்தை மருந்தால் ஏற்றினார்கள். நலமானவரிடம் மாறாமல் இருக்க வேண்டிய மூளை ரத்த ஓட்டம் கூடவே ஏறியது.

இதனால் இரண்டு பக்கமும் ஆபத்து. அழுத்தம் இறங்கினால் ஓட்டம் உடனே குறைந்து மூளை பட்டினி கிடக்கும். அழுத்தம் ஏறினால் தேவைக்கு மேல் ரத்தம் பாயும். மண்டைக்குள் ரத்தத்தின் பங்கு கூடும். ஏற்கெனவே வீங்கிய மூளை மேலும் நெருக்கப்படும். மயக்கத்தில் இருக்கும் மூளைக்குப் பிராணவாயு தேவை வழக்கத்தைவிட மிகவும் குறைவு. அப்படியிருந்தும் சில நோயாளிகளிடம் ரத்தம் வெள்ளமாக ஓடுகிறது. தேவைக்குப் பொருந்தாத இந்த ஓட்டம் மண்டை அழுத்தம் ஏறுவதற்கான முன்னறிவிப்பு. வேறு சிலரிடம் ஓட்டம் குறைந்துகிடக்கிறது. ஒரே நோய், ஒரே வார்டு, அடுத்தடுத்த இரண்டு கட்டில்கள்; ஒருவருக்கு ஓட்டத்தைக் குறைக்க வேண்டும், மற்றவருக்குக் கூட்ட வேண்டும். அளந்து பார்க்காமல் வைத்தியம் செய்வது இங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

எப்படி அளக்கிறார்கள்?

நேரடி வழி, மண்டையோட்டில் சிறு துளையிட்டு உணர்கருவியை வைப்பது. துல்லியமானது. ஆனால் ரத்தம் உறையாத நோயாளிக்குத் துளையிட்டால் மூளைக்குள் கசிவு ஏற்படலாம். அதனால் எல்லா மையங்களும் எல்லாருக்கும் இதைச் செய்வதில்லை. அபாயம் மிகுந்தவர்களுக்கு மட்டும் வைப்பவர்கள் உண்டு, வைக்காமலே சமாளிப்பவர்களும் உண்டு.

மண்டையைத் துளையிடாத வழிகளும் இருக்கின்றன. நெற்றிப்பொட்டில் டாப்ளர் கருவியை வைத்து மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தைக் கேட்கலாம். மூடிய இமை மேல் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்வை நரம்பின் உறை தடித்திருக்கிறதா என்று பார்க்கலாம். மண்டை அழுத்தம் கூடினால் அந்த உறை விரியும். கழுத்துச் சிரையில் குழாய் செலுத்தி, மூளையிலிருந்து திரும்பும் ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு மீந்திருக்கிறது என்றும் அளப்பார்கள். 55 சதவீதத்துக்குக் கீழே என்றால் மூளைக்கு ரத்தம் போதவில்லை. 80-ஐத் தாண்டினால் தேவைக்கு மேல் பாய்கிறது.

இத்தனை கருவிகள் இருந்தாலும், மணிக்கொருமுறை டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்க்கும் செவிலியரின் வேலைக்கு மாற்று இல்லை. இரண்டு கண்மணியும் ஒரே அளவா, வெளிச்சத்துக்குச் சட்டென்று சுருங்குகின்றனவா என்று பார்த்துச் சார்ட்டில் குறிப்பார். ஒன்று பெரிதாகி மந்தமானால் அடுத்த நிமிடமே மருத்துவரை அழைப்பார். இன்னொரு கணமும் உண்டு. அதுவரை தாழ்ந்துகிடந்த ரத்த அழுத்தம் திடீரென 180-க்கு ஏறுகிறது, நாடித்துடிப்பு 50-க்கு இறங்குகிறது. "பிரஷர் ஏறிடுச்சே" என்று உறவினருக்கு ஆறுதலாகத் தோன்றும் நேரம். உண்மையில் நசுங்கும் மூளை கடைசி முயற்சியாக ரத்தத்தை இழுக்கும் அடையாளம் அது.

சிகிச்சை ஒவ்வொன்றும் எதற்காக?

தலையை 30 டிகிரி உயர்த்தி, கழுத்து எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக வைப்பார்கள். சிரை ரத்தம் தடையின்றி இறங்க இதுவே முதல் வைத்தியம். தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சும்போது இருமல் வந்தால் மண்டை அழுத்தம் துள்ளும். அதனால் மயக்க மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் மட்டும், சுருக்கமாக உறிஞ்சுவார்கள். பார்க்க வருபவர்களை ஒவ்வொருவராக, அதுவும் சத்தமில்லாமல் அனுமதிப்பதற்கும் காரணம் இதுதான். கையைப் பிடித்துக்கொள்ளலாம், உலுக்கி எழுப்பக் கூடாது.

மூளையிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்க மானிட்டால் என்ற மருந்து உண்டு. கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை 1982-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறிய அழுத்தத்தை இது இறக்கியது. அதுவரை வழக்கமாகக் கொடுத்துவந்த ஸ்டீராய்டு பலன் தரவில்லை. ஆனால் சிறுநீரகம் வேலை செய்தால்தான் மானிட்டாலைத் தொடர்ந்து கொடுக்க முடியும். அடர் உப்புக் கரைசல் இன்னொரு வழி. ரத்தத்தில் சோடியத்தை 145-க்கும் 155-க்கும் இடையே வைத்தால் அழுத்தம் ஏறுவது குறைகிறது என்று அதே மருத்துவமனை 2004-ல் காட்டியது. இந்த நோயாளிக்குச் சாதாரண குளூக்கோஸ் பாட்டிலைக் கணக்கில்லாமல் ஏற்றினால் சோடியம் இறங்கி மூளை மேலும் ஊதும். அதேசமயம் சர்க்கரை தாழ்ந்தாலும் மூளைக்கு ஆபத்து. அதனால் அடர் குளூக்கோஸை அளந்து ஏற்றி, சர்க்கரையை அடிக்கடி பார்ப்பார்கள்.

ரத்த அழுத்தம் தாழ்ந்தால் நார்அட்ரினலின் சொட்டு ஏற்றுவார்கள். ஸ்டெபிலைசர் பழுதான மூளைக்கு அளவு கூடினாலும் கெடுதல் என்பதால், இலக்கு குறிப்பிட்ட எல்லைக்குள் நிற்கும்.

வென்டிலேட்டரில் மூச்சை வேகப்படுத்தினால் ரத்தத்தில் கரியமிலவாயு குறையும். மூளைத் தமனிகள் சுருங்கும். ஓட்டமும் அழுத்தமும் இறங்கும். ஓட்டத்தைச் சீராக வைக்கும், இழந்துபோன அந்த ஏற்பாடு சில நோயாளிகளுக்கு இதனால் தற்காலிகமாகத் திரும்புவதையும் கோபன்ஹேகன் குழு கண்டது. ஆனால் நெடுநேரம் செய்தால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகும். கண்மணி விரிந்த அவசரத்தில், மற்ற மருந்துகள் வேலை செய்யும்வரை, சில நிமிடங்களுக்கான உபாயம் அது. உடலைக் குளிர்விப்பதும் அழுத்தத்தை இறக்கும். எடின்பரோ மருத்துவர்கள் 1999-ல் நம்பிக்கையூட்டும் முடிவைச் சொன்னார்கள். ஆனால் 2016-ல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வில், அழுத்தம் ஏறுமுன்பே எல்லாரையும் 34 டிகிரிக்குக் குளிர்விப்பது கூடுதல் பலன் தரவில்லை. எனவே இன்று காய்ச்சல் வராமல் தடுப்பதே முதல் இலக்கு.

இவையெல்லாம் அழுத்தத்தோடு நடத்தும் போராட்டம். மூலகாரணமான அம்மோனியாவைக் குறைக்க, சிறுநீரகம் பழுதாகும்வரை காத்திராமல், இடைவிடாத டயாலிசிஸைச் சீக்கிரமே தொடங்குகிறார்கள். நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு நன்கொடைப் பிளாஸ்மாவைச் செலுத்தும் முறையும் உதவுகிறது. 182 நோயாளிகளைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், பிளாஸ்மா மாற்றம் செய்தவர்களில் 58.7 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள், செய்யாதவர்களில் 47.8 சதவீதம்.

கடைசி வழி கல்லீரல் மாற்று. அறுவை நடக்கும் மணிநேரங்களே மூளைக்குச் சோதனைக் காலம். பழைய கல்லீரலைப் பிரித்தெடுக்கும்போதும், புதியதில் ரத்தத்தைத் திறந்துவிடும்போதும் மண்டை அழுத்தம் எகிறும். நடுவே, உடலில் கல்லீரலே இல்லாத இடைவேளையில் அழுத்தம் இறங்குவதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். மடிந்த கல்லீரல் சும்மா கிடப்பதில்லை. மூளையைக் கெடுக்கும் பொருட்களை ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது சான்று. புதிய கல்லீரல் வேலை தொடங்கியதும் மூளை ரத்த ஓட்டத்தின் சீரமைப்பு ஓரிரு நாட்களில் திரும்பிவிடுகிறது.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் பதிவேடு ஒன்றே போதும். 1984–88 காலத்தில் அங்கு வந்த இந்த நோயாளிகளில் 76 சதவீதம் பேருக்கு மண்டை அழுத்தம் கூடியது. 2004–08 காலத்தில் அது 20 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பிழைத்தவர்களின் விகிதம் 1970-களில் சுமார் 17 சதவீதம். 2004–08-ல் 62 சதவீதம். ஒரே ஒரு அதிசய மருந்தால் வந்த மாற்றம் இல்லை இது. நோயாளியைச் சீக்கிரம் அனுப்பிவைத்தது, சோடியத்தையும் அம்மோனியாவையும் முன்கூட்டியே கட்டுப்படுத்தியது, கிருமித்தொற்றை உடனே கவனித்தது, மாற்று அறுவைக்குத் தகுந்தவரைத் தாமதமின்றி அடையாளம் கண்டது என்று பல கைகள் சேர்ந்து செய்த வேலை.

நம் ஊரில் தெரிந்திருக்க வேண்டியது

எலி பேஸ்ட்டில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸுக்கு மாற்று மருந்து கிடையாது. வயிற்றுக்குள் போன முதல் ஓரிரு நாள், ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரியும். "வாந்தி எடுத்துட்டான், சரியாப் போச்சு" என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பிறகுதான் காமாலையும் தடுமாற்றமும் தலைகாட்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்த நஞ்சுக்குக் குறைந்த அளவு பிளாஸ்மா மாற்றத்தைப் பயன்படுத்தி, அதன் பலன்களை வெளியிட்டிருக்கிறார்கள். இந்தப் பேஸ்ட்டின் விற்பனையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. வீட்டு மூலையில் பழைய டியூப் கிடந்தால் அப்புறப்படுத்துங்கள். மனம் தாங்காத வேதனையில் இருப்பவர்கள் 104 அல்லது 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைத்துப் பேசலாம்.

பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் மாற்று மருந்து உண்டு, பெயர் அசிட்டைல்சிஸ்டீன். 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக நன்றாக இருக்கும். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, வலி மாத்திரை மூன்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கலாம் என்பதால் அட்டையைப் பார்த்து வாங்குவது நல்லது.

காமாலை வந்தவர் பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா? பேச்சு குழறுகிறதா? சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறாரா? இரண்டு கைகளையும் முன்னே நீட்டி மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்கச் சொல்லுங்கள். கைகள் விட்டுவிட்டுத் தொங்கி ஆடினால் அது மூளைக்குள் அம்மோனியா போய்விட்டதன் அறிகுறி. தூங்கவில்லையே என்று தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். தடுமாற்றம் எவ்வளவு முற்றியது என்பதையே அது மறைத்துவிடும். நாட்டு மருந்துக்காக ஒரு நாளைக்கூடச் செலவிடாதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: ஐ.என்.ஆர். எவ்வளவு? அம்மோனியா எவ்வளவு? கல்லீரல் மாற்று வசதியுள்ள மருத்துவமனைக்கு இப்போதே மாற்ற வேண்டுமா? மூன்றாவது கேள்வியை நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். இந்தியாவில் கல்லீரல் மாற்றில் பெரும்பகுதி உறவினர் தரும் கல்லீரல் துண்டைக் கொண்டு நடக்கிறது. தரப்போகிறவரின் ரத்த வகை, ஸ்கேன், சட்ட அனுமதி எல்லாவற்றுக்கும் ஓரிரு நாள் வேண்டும். மேலும் ஆழ்ந்த மயக்கத்துக்குப் போன பிறகு, வீங்கிய மூளையோடு ஆம்புலன்ஸில் பல மணிநேரம் கொண்டுபோவது தனி ஆபத்து. பேசக்கூடிய நிலையில் இருக்கும்போது புறப்பட்டுவிட்டால், மேலே சொன்ன அத்தனை சிகிச்சைக்கும் வாய்ப்பு இருக்கும்.